வேறு வஸ்திரம்

கர்த்தருக்குள் அன்பான உங்களுக்கு,

நேரில் கேட்டால் ஜெபம் பண்ண உட்கார்ந்துவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

ஞாயிறு பிரசங்கத்தில் சவுல் ராஜாவைத் திட்டினீர்கள். அஞ்சனம் பார்க்கிறவர்களை நாட்டைவிட்டே துரத்தியவன், செத்துப்போன சாமுவேலோடு பேசுவதற்காக வேறு வஸ்திரம் உடுத்திக்கொண்டு அப்படிப்பட்ட ஒருத்தியிடமே போனான் என்றீர்கள்.

இண்டூர் ஜெபக்கூட்டத்துக்கு வெள்ளைச் சட்டையில் போன நீங்கள், பையில் என் தம்பியின் கட்டம்போட்ட சட்டையை ஏன் கொண்டுபோனீர்கள்? துவைக்க எடுத்தபோது அதன் ஜேபியில் திருநீறு இருந்தது. “பஸ்ஸுல யாராச்சும் ஒரசியிருப்பாங்க” என்றீர்கள். ஜேபிக்குள்ளேயா?

அந்த ஊரில் செத்தவர்களைப் பேசவைக்கிற ஒருத்தி இருக்கிறாளாம்.

சபையில் சொல்லமாட்டேன். போன வருஷம் நாம் அடக்கம்பண்ணிய ஜெனிட்டா வந்தாளா? அம்மா எங்கே என்று கேட்டாளா?

இப்படிக்கு,
அவளைப் பெற்றவள்