எண்ணாமல் தொடங்கும் பாட்டு

டோர்செட் பார்க்,
ஒக்டோபர் 6, 2024

றொய்சனுக்கு,

நலமா என்று கேட்க இன்று மனம் வரவில்லை. போன் எடுக்க வேண்டாம். உங்கள் குரலைக் கேட்டால் நம்பிவிடுவேன். கடிதமே போதும்.

உங்கள் வாழ்க்கையைப் படமாக்கும் நிலாணி வந்தாள். எங்கள் ஜாஸ் குழு, உங்கள் ட்ரம்பெட், என் பாட்டு, நாங்கள் இருவரும் பிரிந்தது, எல்லாம் படத்தில் வருகிறதாம். ஊரறிந்த கதை, வரட்டும். பிறகு சொன்னாள்: "அன்ரி, மற்றப் பாட்டுக்கெல்லாம் அங்கிள் ஒன், டூ எண்ணித் தொடங்குவாராம். கடைசிப் பாட்டுக்கு எண்ணமாட்டாராம். மூச்செடுக்கேக்க உங்கட தோள் எழும்புமாம், அதைப் பாத்துத்தானாம் தொடங்குறவர். சோ ரொமான்ரிக்!"

அது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்தது. பிரியும்போதுகூட அதை நான் வெளியே எடுக்கவில்லை. நீங்கள் படத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டீர்களா? அந்தக் காட்சி இருந்தால் படத்தில் என் பெயர் இருக்கக்கூடாது.

நிரூபா

பார்க்டேல்,
ஒக்டோபர் 13

அன்புள்ள நிரூ,

மடு மாதா அறிய நான் சொல்லவில்லை. எனக்கு உம்மில்தான் சந்தேகம். மேடையேறுமுன் நான் பயத்தில் வாந்தியெடுப்பதும் கதையில் இருக்கிறது. வாளி பிடித்தது நீர்தானே?

றொய்சன்

ஒக்டோபர் 19

றொய்சனுக்கு,

வாளிக் கதையைச் சொன்னது நான்தான். நன்றாகச் சிரித்தோம். மூச்சைப் பற்றி வாய் திறக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்காதீர்கள். அவளை எங்கே சந்தித்தீர்கள், என்ன நடந்தது? உள்ளதை எழுதுங்கள்.

நிரூபா

ஒக்டோபர் 27

நிரூ,

எழுத வெட்கமாக இருந்தது.

படத்துக்கான பாட்டுப் பதிவில் குழுவை நடத்த என்னையே கூப்பிட்டார்கள். ட்ரம்ஸுக்கு எங்கள் பழைய குழுவின் கிறிஸ்துநாயகம் அண்ணையும் வந்தார். கடைசிப் பாட்டில், உமக்குப் பதிலாகப் பாடும் பிள்ளை மைக்கின் முன்னால் நின்றாள். நான் பழக்கதோஷத்தில் அவள் தோளைப் பார்த்தபடி நின்றேன். நான் எண்ணுவேன் என்று அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஒருவரும் தொடங்கவில்லை.

அண்ணை பின்னாலிருந்து, "பிள்ளை, நீ மூச்சை எடு. உவன் நிரூபான்ர தோளைத் தேடுறான்" என்றார். நிலாணி பக்கத்தில்தான் நின்றாள். இத்தனை வருடமும் எங்களுக்குப் பின்னால் இருந்தவருக்குக் கண் இல்லையென்றா நினைத்தோம்?

அந்தப் பாட்டு இன்னும் பதிவாகவில்லை. என்னால் எண்ண முடியவில்லை.

றொய்சன்

நவம்பர் 3

றொய்சன்,

நீங்கள் எழுதியதை அப்படியே நம்பி ஏமாற நான் என்ன பேயா? அண்ணையைக் கேட்டேன். "ஓம் பிள்ளை, உண்மைதான். பிறகு அழுதவன், அதை எழுதேல்லையோ?" என்றார்.

பதிவு வெள்ளிக்கிழமையாம். நானே வந்து பாடுகிறேன் என்று நிலாணிக்குச் சொல்லிவிட்டேன். என் பெயரும் இருக்கட்டும். குரல் முன்னைப்போல இல்லை, தோள் அதேதான். எண்ணித் தொடங்கிவிடாதீர்கள்.

வாளி கொண்டுவருகிறேன்.

நிரூ