மிஷின் வாஷும் நான் போட்ட கத்தலும்

நல்லா தூங்குறே, எழுப்ப மனசு வரல. அதான் எழுதி வெச்சிட்டுப் போறேன்.

நேத்து ராத்திரி, "காரை மிஷின் வாஷுக்கு யாரு விடச் சொன்னா? பெயிண்டெல்லாம் கீறல்!"னு கத்தினேன்ல? அப்பா இப்பதான் விஷயத்தைச் சொன்னார். நேத்து மத்தியானம் அவருக்கு மூச்சு முட்டினப்போ, சேத்து ரோட்டுல நீதான் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிட்டுப் போனியாம். "மருமகளே, அவன்கிட்ட சொல்லாதே, பதறுவான்"னு அவர்தான் கேட்டுக்கிட்டாராம். சேறு என் கண்ணுல படக்கூடாதுன்னு வண்டியைக் கழுவ விட்டிருக்கே. அவ்வளவு திட்டியும் வாயே திறக்கலையே நீ! மன்னிச்சிடும்மா. ரொம்ப நன்றி.

மண்ணோட பிரஷ் சுத்தினா கீறத்தான் செய்யும். முதல்ல தண்ணி அடிச்சு மண்ணை இறக்கிட்டா பெருசா பயமில்ல. இது மேலோட்டமான கீறல்தான், பாலிஷ்ல போயிடும்.

காபி பிளாஸ்க்ல இருக்கு. அப்பாவுக்கு மாத்திரை கொடுத்தாச்சு.

பி.கு.: சாயங்காலம் டாக்டர்கிட்ட மூணு பேருமா போவோம். நீ ஓட்டினாதான் வருவாராம் அப்பா. நான் பின்னாடி உக்காந்துக்கிறேன்.