கால்வாயில் விழுந்தால் அவுட்

1951 மார்ச் 4, ஞாயிறு

காலையிலேயே புழுக்கம். பல்வலி, வலது கடைவாய். கிராம்பு வைத்தும் கேட்கவில்லை.

பட்டறைகளுக்குள் நடக்கிற கம்பெனி கிரிக்கெட், கடைசி மேட்ச். பிட்டிங் ஷாப் ஜெயம், கேடயம் அவர்களுக்கே. மோல்டிங் ஷாப் ஆறு மேட்ச், ஆறும் தோல்வி. அம்பயரும் நான்தான், ஸ்கோர் எழுதியதும் நான்தான், வழக்கம்போல். டைம் ஆபீசில் ஆறு நாள் ஆள் கணக்கு, ஏழாம் நாள் ரன் கணக்கு. தலையெழுத்து.

மோல்டிங் கன்னியப்பன் இன்றும் பந்தை மைதானத்தை ஒட்டின கால்வாயில் அடித்தான். நாலாவது தடவை. கால்வாயில் விழுந்தால் அவுட். அந்த விதி போட்ட மகானுபாவன் நான். சீசனுக்கு ரெண்டே பந்து கொடுக்கிறார்கள். தொலைந்தால் நான் பதில் சொல்லணும். வேறென்ன செய்ய?

கை தூக்கி அவுட் கொடுத்ததும் மட்டையைக் கீழே வைத்தான், சட்டையைக் கழற்றினான், குதித்தான். தன்னை அவுட்டாக்கின பந்தைத் தானே முங்கி எடுத்து வந்து என் கையில் கொடுத்தான். குப்பத்துப் பிள்ளை, தண்ணீர் பயம் ஏது?

"ஏண்டா அந்தப் பக்கமே அடிக்கிறே?"

"பந்து அங்கதான் போவுது சார். நான் இன்னா பண்றது?"

மார்ச் 5, திங்கள்

மேனேஜர் துரை கூப்பிட்டனுப்பினார். பெஸ்ட் பேட்ஸ்மேனுக்கு இந்த வருஷம் வெறும் கோப்பை இல்லையாம். தினக்கூலி ஆளாக இருந்தால் நிரந்தரம். ஒரே ஒரு இடம். தேர்ந்தெடுக்க மூணு பேர்: ஸ்டோர் கீப்பர் பொன்னையா, மோல்டிங் மேஸ்திரி ஏகாம்பரம், நான். வெள்ளிக்குள் பேர் வேணும்.

ரெண்டு பேர்தான் போட்டி. கன்னியப்பன். பிட்டிங்கில் தேவசகாயம். ரெண்டுமே தினக்கூலி. தேவசகாயம் எனக்கு அடுத்த வீடு வேறே.



மார்ச் 6, செவ்வாய்

வெயில். சாப்பாட்டு மணியில் ஸ்டோர் ரூமில் கூட்டம். கிரீஸ் நாற்றத்தில் தயிர்சாதம்.

கன்.: ரன் அதிகம். டீம் எல்லாத்திலும் தோல்வி. கால்வாய் நாலு.
தேவ.: ரன் குறைவு. ஆனால் அவன் கடைசிவரை நின்ற மேட்ச் எல்லாம் ஜெயம்.

பொன்னையா திருநெல்வேலிக்காரர், ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். "செயிக்க வைக்கிறவன்தானவே ஆட்டக்காரன்? தண்ணியில விழுந்தா அவுட்டுன்னு தெரியும்லா? தெரிஞ்சே அடிக்கான். கூறுகெட்ட பய."

ஏகாம்பரம் டிபன் டப்பாவைத் தள்ளிவிட்டு எழுந்தார். "அந்த நாலும் சிக்ஸரு நைனா! சிக்ஸர் அட்ச்சவன எந்த ஊர்ல வூட்டுக்கு அன்ப்புவாங்க? கூட ஆட்றது பத்தும் சோப்ளாங்கி. அவன் ஒண்டி இன்னா பண்ணுவான்?"

பிறகு அந்தப் படகு வழக்கு. ஜனவரியில் கன்னியப்பன் அடித்த ஒரு பந்து கால்வாயில் போன உப்புப் படகில் விழுந்தது. படகுக்காரன் அதோடு எண்ணூர்ப் பக்கம் போய்விட்டான், மூணாம் நாள்தான் கேட்டில் கொடுத்தான். நான் அவுட் என்று எழுதியிருந்தேன்.

"பந்து நனையவே இல்லியே! அது எப்டி அவுட்டு?"

"படகு எதுலவே நிக்கி? தரையிலயா?"

இதிலேயே அரைமணி. மணி அடித்துவிட்டது. ஓட்டு ஒண்ணுக்கு ஒண்ணு. ரெண்டு பேரும் என் மூஞ்சியையே பார்க்கிறார்கள்.

மார்ச் 7, புதன்

ரேஷன் அரிசியில் பாதி கல். இந்தப் பல்லை வைத்துக்கொண்டு.

குழாயடியில் தேவசகாயம். சம்சாரத்துக்கு ஏழாம் மாசம், அதனால் இவன்தான் தண்ணீர் பிடிக்கிறான். என் குடத்தையும் வாங்கிக்கொண்டு கூடவே வந்தான்.

"சார், ஆட்டம்னு பாத்தா கன்னியப்பன்தான். பொய் சொல்லமாட்டேன். ஆனா எனுக்கு வேலை வேணும் சார்."

அவ்வளவுதான். குடத்தை வாசலில் வைத்துவிட்டுப் போனான். புளுகியிருந்தால்கூட எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

மரகதத்திடம் சொன்னேன். "யார் நல்லா ஆடறாங்களோ அவங்க பேரைச் சொல்லிட்டு வாங்களேன். இதுக்கா வீட்டுக்காரி மேல எரிஞ்சு விழறீங்க?" என்றாள்.

"அப்போ அடுத்த வீட்டுப் பிள்ளைத்தாச்சி?"

அப்பளம் கருகியது.

மார்ச் 8, வியாழன்

கன்னியப்பன் காலையில் கேட்டில் பேர் கொடுத்தான். "குட்மார்னிங் சார்." உள்ளே போய்விட்டான். மூணு குழந்தை அவனுக்கு. வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா? கேட்டிருந்தால் எரிந்து விழுந்திருப்பேன், அதுவும் நிஜம்.

சாயந்திரம் எல்லாரும் போனபின் ஸ்கோர் புத்தகத்தை எடுத்தேன். பார்த்திருக்கவே கூடாது. மோல்டிங் ஒரு மேட்ச் தோற்றது நாலு ரன்னில். இன்னொன்று மூணில். ரெண்டிலும் அவன் பந்து கால்வாயில். சிக்ஸர் என்று எழுதியிருந்தால் ரெண்டும் ஜெயம். ஜெயிக்க வைக்காதவன் என்கிறாரே பொன்னையா, ஜெயிக்க விடாதவன் நான்.

இது எனக்கு மட்டும்தான் தெரியும். சொன்னால் கேடயம் யாருக்கு என்று கிளப்புவார்கள். பிட்டிங்காரர்கள் சும்மா விடுவார்களா? மேலே எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 9, வெள்ளி

தேவசகாயம் என்றேன்.

"ஏன்?" என்றார் ஏகாம்பரம்.

"விதி விதிதானே மேஸ்திரி."

புத்தகம் என் கக்கத்தில்தான் இருந்தது. திறக்கவில்லை. கோழைப் பயல் நான், வேறு பேர் கிடையாது. ஏகாம்பரம் வெளியே போய்க் காறித் துப்பிய சத்தம் கேட்டது. பொன்னையா முதுகில் தட்டி, "நியாயஸ்தன்வே நீரு" என்றார்.

அடுத்த வீட்டிலிருந்து பாயசம். எனக்குப் பல்வலி என்றேன். மரகதம் வாங்கி வைத்தாள்.

மார்ச் 12, திங்கள்

லேசாக மேகம், மழை இல்லை. ஆர்டர் குறைந்துவிட்டதாம். மோல்டிங்கில் தினக்கூலி பதினொரு பேர் நிறுத்தம். லிஸ்ட் என் மேஜைக்கு வந்தது. ஆறாவது பேர் கன்னியப்பன்.

துரையிடம் போய் நின்றேன். நன்றாக ஆடுகிறவன், கோப்பையே கிடைத்திருக்க வேண்டியவன் என்று இழுத்தேன். விளையாட்டு வேறு, வேலை வேறு என்றார். போன வாரம் ரெண்டையும் சேர்த்தது யாராம்? சலாம் போட்டுவிட்டு வந்தேன்.

ஆள் கணக்கு மஸ்டரில் அவன் பேரை நானே அடித்தேன். சிவப்பு மை.

மார்ச் 13, செவ்வாய்

பதினொரு பேரும் கணக்குத் தீர்க்க டைம் ஆபீஸ் ஜன்னலில் வரிசையாக. கன்னியப்பன் தன் முறை வந்ததும் குனிந்தான்.

"சார், ஒரு ஒத்தாசை. என் ரன்னு மொத்தம் எவ்ளோன்னு ஒரு சீட்டுல எய்திக் குடு சார். எண்ணூர்ல ஒரு கம்பெனி கீது. ஆட்றவனா இருந்தா வேலைக்கு வெச்சிக்கிறாங்களாம்."

எழுத உட்கார்ந்தேன். "கால்வாயில் போனதையும் சேர்த்துடறேன். ஒண்ணுக்கு ஆறு."

"வாணாம் சார். அவுட்டுன்னா அவுட்டுதான். அப்பால யார்னா கேட்டா நான் இன்னாத்த சொல்றது?"

இருக்கிறதை மட்டும் எழுதினேன். அடக்க முடியாமல் சொல்லிவிட்டேன்: "கன்னியப்பா, அந்த ரெண்டு மேட்சும் நீ ஜெயிச்சதுடா."

"தெரியும் சார். ஒவ்வொரு தபாவும் எத்தினி ரன்னுல தோத்தோம்னு எனுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா ஏன்டா அப்பவே சொல்லலே?"

"நீ சொல்லுவேன்னு இருந்தேன் சார்."

மை காயச் சீட்டை ஊதினான். மடித்துக்கொண்டு போனான். பின்னால் நின்றவன் பேர் சொன்னான், எழுதினேன்.