கட்டுரையின் முதல் வரி

அக்டோபர் 9

கட்டுரை மறுபடியும் திரும்பி வந்துவிட்டது. சயிரா டீச்சர் பக்கம் முழுக்கச் சிவப்பாக்கி வைத்திருக்கிறார். எங்கள் ஊர்ப்பக்கம் காரகோலில் மலையேற வரும் வெள்ளைக்காரர்களுக்கு நான் வழிகாட்டியாகப் போன கதை. "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதை எழுத நீ எதுக்கு? யார் வேணா எழுதலாமே" என்றார்.

கோடையிலிருந்து இதே பிழைப்பு. அமெரிக்காவில் முழு உதவித்தொகை கிடைக்க மதிப்பெண் மட்டும் போதாதாம், கட்டுரை பேச வேண்டுமாம். எனக்கே பேசத் தெம்பில்லை, கட்டுரை எங்கே பேசுவது?

அக்டோபர் 10

படிப்புக்காகத் தலைநகர் பிஷ்கெக்கில் அண்ணன் வீட்டுக்கு வந்து ஒரு வருடம் ஆகப் போகிறது. அண்ணி முன் அறையில் தையல் மிஷினில் உட்கார்ந்தால் எழுந்திருப்பதே இல்லை. பையன் பெக்ஸாத் "அம்மா, அம்மா" என்று எத்தனை தடவை கத்தினாலும் மிஷின் நிற்காது. "டேய், வாயை மூடுடா, காது போகுது!" அவ்வளவுதான்.

என்னை ஒரு 'டி' போட்டுக்கூடப் பேசியதில்லை. "எர்கேயிம், டீ எடுத்துக்கறியா?" என்று விருந்தாளியிடம் கேட்பது போலக் கேட்கிறாள்.

அக்டோபர் 15

விண்ணப்பத்தைப் புரட்டிக்கொண்டே வந்த டீச்சர் சட்டென்று நிறுத்தினார். "உங்கம்மாவுக்கு அறுபத்தெட்டு வயசா? அம்பத்தொண்ணுலயா உன்னைப் பெத்தாங்க?"

சொன்னேன். எங்கள் பக்கம் நடப்பதுதானே. மூத்த பிள்ளையைத் தாத்தா பாட்டியிடமே கொடுத்துவிடுவார்கள். அதன்பிறகு அவர்கள்தான் அம்மா, அப்பா. பெற்றவர்கள் அண்ணன், அண்ணி. டீச்சரும் கிர்கிஸ்காரர்தானே, அவருக்குத் தெரியாததா? ஆனால் அவர் முகம் மாறிவிட்டது. "இதைக் கையில வச்சுக்கிட்டா மலையேறின கதை எழுதிட்டிருக்க? பைத்தியமா நீ? இதுதான் கட்டுரை!"

அக்டோபர் 28

முதல் வரி இப்படி இருந்தது: 'என் அம்மா என்னை வளர்க்கக் கொடுத்தாள்.' டீச்சர் 'வளர்க்க' என்பதை வெட்டிவிட்டார். இப்போது: 'என் அம்மா என்னைக் கொடுத்துவிட்டாள்.'

"இங்கதான் படிக்கிறவன் நிமிர்ந்து உக்காருவான்."

"அண்ணின்னு போடலாமா, டீச்சர்?"

"அங்க இருக்கறவங்களுக்கு அண்ணின்னா வேற ஆளு. குழம்பிடுவாங்க. அம்மான்னே போடு."

போட்டேன். ஆங்கிலம்தானே, கை கூசவில்லை.

நவம்பர் 6

இன்னொரு திருத்தம். ஜன்னலோரம் நின்று அழுதேன் என்று ஒரு வரி வேண்டுமாம். நான் எப்போது அழுதேன்? ஊரிலேயே என்னைப்போலச் செல்லம் கொடுத்து வளர்த்த பிள்ளை கிடையாது. ஆனாலும் போட்டேன். சொந்த வாழ்க்கையைத் திருத்துவதற்கு இன்னொருவர் பேனா — என்ன கர்மமோ.

நவம்பர் 7

தலைவலி. எழுதவில்லை.

நவம்பர் 12

ஊரிலிருந்து அம்மா போன் செய்தாள். "கட்டுரை கட்டுரைங்கறியே, அதுல நான் இருக்கேனா?"

"இருக்கீங்கம்மா."

"நல்லதா நாலு வார்த்தை எழுது. வெண்ணெய் அனுப்பியிருக்கேன். மொத்தத்தையும் உங்கண்ணி கையில குடுத்துடாத, நீ தின்னு."

என்னத்தைச் சொல்ல? கட்டுரையில் அம்மா இப்போது 'பாட்டி' ஆகிவிட்டாள். டீச்சர் மாற்றியது. அந்த வார்த்தையால் அவளை நான் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

நவம்பர் 21

ஐயோ. தாளைச் சமையலறை மேசையிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறேன். மத்தியானம் திரும்பி வந்தால், அண்ணி போனை அதன்மேல் பிடித்தபடி நிற்கிறாள். மொழிபெயர்க்கும் செயலி. திரையில்: 'என் அம்மா என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாள்.'

நான் எழுதியது கொடுத்துவிட்டாள் என்றுதான். போன் அதைக் காட்டிக்கொடுத்ததாக ஆக்கியிருக்கிறது.

"அண்ணி, அது தப்பு... போன் தப்பா போட்டிருக்கு..." அண்ணி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அதே வரியில் இருந்த 'அம்மா'வின் மேல் விரலை வைத்தாள்.

"இந்த அம்மா — இது யாரு? ஊர்ல இருக்கறவங்களா?"

"இல்லண்ணி."

"அப்ப, நானா?"

தலையாட்டினேன். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

"நான் எங்க குடுத்தேன்? கேட்டாங்க. எனக்குப் பத்தொன்பது வயசு. பெரியவங்க கேட்டா மாட்டேன்னு சொல்லலாம்னே தெரியாது. பால் கட்டிக்கிட்டு ஒரு வாரம் காய்ச்சல்ல கிடந்தேன்." விரல் மறுபடி அந்த 'அம்மா'வுக்கே போனது. "மத்ததை என்ன வேணா மாத்திக்கோ எர்கேயிம். அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துடாத."

சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

நவம்பர் 22

அந்தத் தாளைக் காணோம். நான் கேட்கவில்லை.

டிசம்பர் 3

முழுக்கத் திருப்பி எழுதினேன். முதல் வரி: 'என் அம்மாவிடம் என்னைக் கேட்டார்கள், மாட்டேன் என்று சொல்லலாம் என்பது அவளுக்குத் தெரியாது.' ஜன்னல் அழுகையைத் தூக்கிப்போட்டேன். பாட்டி என்று இருந்த இடத்திலும் அம்மா என்றே போட்டேன்.

டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். "குட்டிச்சுவராக்கிட்ட! ஒரே பக்கத்துல ரெண்டு அம்மா. படிக்கிறவனுக்கு எது யாருன்னு தெரியுமா?"

"எனக்கே தெரியல டீச்சர்."

"உதவித்தொகை வேணுமா, வேணாமா?"

வேண்டும். ரொம்ப வேண்டும். அது இல்லாமல் விமான டிக்கெட் வாங்கக்கூட எங்களால் முடியாது. பழைய முதல் வரி கணினியில் பத்திரமாகத்தான் இருக்கிறது. மாற்றி வைக்க ஒரு நிமிஷம் போதும். மாற்றட்டுமா?

ஜனவரி 1

அனுப்பிவிட்டேன். இரண்டு அம்மாவோடு.

மார்ச் 27

இல்லை என்றுவிட்டார்கள். விண்ணப்பித்த எல்லாக் கல்லூரியுமே.

மார்ச் 29

"அப்பவே சொன்னேனே" என்று டீச்சர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் ஒரு பாட்டம் அழுது முடித்திருப்பேன். அண்ணியிடம் சொன்னபோது, "என்னாலதானே" என்றாள். "இல்லண்ணி" என்றேன். அது பாதிப் பொய். பழைய வரிக்குக் கிடைத்திருக்குமோ? இனி யாருக்குத் தெரியும்?

ஆகஸ்ட் 30

நாளை மறுநாள் வகுப்பு ஆரம்பம். இங்கேயே, பிஷ்கெக்கில்தான். இன்னும் நாலு வருஷம் இந்த வீடுதான்.

அம்மா நேற்றே ஊரிலிருந்து ஜாம் பாட்டில்களோடு வந்துவிட்டாள். வந்ததும் வராததுமாகச் சமையலறையைத் தலைகீழாக அடுக்கிவைத்துவிட்டு, உள் அறையில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். சூப் வைக்கலாமென்று போனால் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

"அம்மா, உப்பு எங்க?" என்று கத்தினேன்.

முன் அறையில் மிஷின் நின்றது.

"கண்ணு முன்னாடிதானேடி இருக்கு!"

உள் அறையிலிருந்து சத்தமே இல்லை. கொஞ்சம் கழித்து, அம்மா டீயை உறிஞ்சுவது கேட்டது.

உப்பு கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது.