மாடிவீட்டுப் பெண் அன்று சொன்னது

என் கண்ணுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, தங்கச்சி, நான் மூவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். பாராட்டு விழாவில் நீ கையால் பேசுவதை மேடையில் நின்று எல்லோருக்கும் வாய்விட்டுச் சொல்ல வருவாயா என்று மூன்று முறை கேட்டுவிட்டாய். வீடியோவில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு கை அசைக்க எனக்கு வரவில்லை, அதனால்தான் இத்தனை நாள் கழித்துக் காகிதத்தில் எழுதுகிறேன்.

உன் முதல் காதலையே கதையாக்கி நீ எடுத்த படம் வந்ததிலிருந்து எனக்கு உள்ளேயும் நிம்மதியில்லை வெளியேயும் நிம்மதியில்லை. அப்பா கண்டவர்களையெல்லாம் தியேட்டருக்கு இழுத்துக்கொண்டு போகிறார், இடைவேளைக்குப் பிறகு தான் குறட்டை விட்டதை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை. ஆபீசில் மேலாளரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, காது கேட்காத பிள்ளைக்குக் காதாக இருந்திருக்கிறீர்கள் என்று கண்கலங்குகிறார், கையை உதறத் தோன்றுகிறது எனக்கு. ஆனால் படத்தில் வரும் மாடிவீட்டுப் பெண்ணை எல்லோரும் கரித்துக்கொட்டுகிறார்கள். பதினேழு வயதுப் பையன் நோட்டில் ஆசையாக எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு, ஒன்றுமே சொல்லாமல் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறாளே, கல்நெஞ்சக்காரி என்கிறார்கள். தங்கச்சியும் சேர்ந்துகொண்டு பல்லைக் கடிக்கிறாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ பார்த்ததைத்தான் எடுத்திருக்கிறாய். நீ பார்த்தது என் கையை.

அன்று அவள் நம் முன்னறையில் நின்று சொன்னது இதுதான், கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை. "ஆன்ட்டி, எனக்கும் அவனைப் பிடிச்சிருக்குன்னு சொல்லுங்க. அடுத்த வாட்டி நானே சொல்லணும், எனக்குக் கை பாஷை கத்துக்குடுங்க." நீ என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாய். நோட்டைக் கொடுக்க வந்தாளாம் என்று உனக்குக் காட்டினேன். அவளிடம் திரும்பி, பரீட்சை நேரம், இதெல்லாம் வேண்டாம் என்கிறான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நாளைக்கு அவளுக்குச் சலித்துப்போனால் உன்னை யார் தேற்றுவது என்று பயம். பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்றேன், உனக்குக் காது கேட்காது என்று டாக்டர் சொன்ன நாளில் பிடித்த பயம் அது, படித்த படிப்பு ஒன்றுக்கும் உதவவில்லை.

போன வியாழக்கிழமை அப்பாவுக்கு மாத்திரை வாங்கப் போனேன். அந்த மருந்துக்கடையில் இப்போது அவள்தான் வேலை பார்க்கிறாள், உன் படத்தையும் பார்த்திருக்கிறாள். பக்கத்தில் ஆட்கள் நின்றதால் வாயைத் திறக்காமல் கையாலேயே கேட்டாள், தட்டுத்தடுமாறி, ஆனால் புரிகிற மாதிரி. நான் சொன்னதை அவனிடம் சொன்னீர்களா என்று. யாரிடம் கற்றாளோ. மாத்திரையை வாங்காமலே வந்துவிட்டேன். ஊர் வாயில் அவள் விழுந்து கிடக்கிறாள், நான் மாலை போட்டுக்கொள்ள மேடையேறுவதா?

என்னைக் கூப்பிடாதே. கை பாஷையை வாயால் சொல்வதைத் தொழிலாகச் செய்கிறவர் யாரையாவது வைத்துக்கொள், நீ சொல்வதைச் சொன்னபடி சொல்வார். இதையெல்லாம் படித்த பிறகும் நீ வா என்றால் வருகிறேன், கீழே உட்கார்ந்திருப்பேன். கோபம் வந்தால் என்னோடு போகட்டும், சாப்பாட்டின் மேல் காட்டாதே. கண்ணாடியை மாற்றிக்கொள், இனியும் தள்ளிப்போடாதே. நோய்நொடியில்லாமல் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். மறுபடி கடைக்குப் போய்க் கேட்டு வாங்கிய அவள் நம்பரை இதன் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், நீயே பேசு, நான் நடுவில் வரமாட்டேன்.

உன்னைப் பெற்றவள்,
அம்மா