காலடி என்று குறிக்கப்பட்டவை

அக்டோபர் 9, 2064. காலை 10:00

வெளி வெப்பம் மைனஸ் 11. காற்று வடமேற்கிலிருந்து, மணிக்கு 18 கிலோமீட்டர். பனி 14 சென்டிமீட்டர். மண் மேலிருந்து 12 சென்டிமீட்டர் வரை உறைந்திருக்கிறது. அதற்குக் கீழே இன்னும் சேறு.

நிலத்தின் மேல் கவிழ்த்திருக்கும் பன்னிரண்டு பெட்டிகளும் வேலை செய்கின்றன. ஒவ்வொன்றும் அரைமணி நேரம் மூடிக்கொண்டு, உள்ளே மீத்தேன் கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்கும். குறைந்தால் மண் அதைக் காற்றிலிருந்து உண்கிறது. கூடினால் மண் வெளியே விடுகிறது. இன்று பதினொரு பெட்டிகளில் மண் உண்கிறது. ஆறாம் பெட்டியில் அளவு ஒரே நிமிடத்தில் ஏழு மடங்கு ஏறியது. கணினி நிரல் அதை 'காலடி' என்று குறித்து நீக்கிவிட்டது. பெட்டிக்குப் பக்கத்தில் யாராவது அழுத்தி மிதித்தால் சேற்றிலுள்ள குமிழ் மேலே வரும். அது மண்ணின் இயல்பான போக்கு அல்ல என்பதால் நீக்குகிறோம். அந்த விதியை எழுதியவள் நான், கிளாடிஸ் செல்லையா, இந்தத் துருவப்பகுதி நிலையத்தின் மண் ஆய்வாளர். பிப்ரவரியிலிருந்து தனியாக இருக்கிறேன்.

மாலை 4:00

ஒன்பது கிலோமீட்டர் தெற்கே இருக்கும் கேபிள் பதிக்கும் முகாமிலிருந்து வழக்கமான அழைப்பு. மேற்பார்வையாளர் இசக்கிராஜா. ஐந்து வருடம் என்னோடு இந்தப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டவர்.

"அக்கா, உசுரோட இருக்கீயளா?"

"இருக்கேன். அங்க?"

"பத்தொன்பது பேரும் இருக்கோம். அருளப்பன் இன்னைக்கும் உப்புமாதான் கிண்டுனாரு. அதுமேல உங்க பெட்டியக் கவுத்துனா என்ன வாயு வருதுன்னு பாத்துரலாம்."

"உனக்கு வாய் ரொம்ப நீளம்."

"காலும்லா கனம். நீங்கதான எழுதிக் குடுத்தீய."

சிரித்தேன்.

அக்டோபர் 12. பகல் 1:30

இன்று காலை 5, 6, 7 மூன்று பெட்டிகளும் ஒரே நிமிடத்தில் ஏறின. மூன்றையும் நிரல் 'காலடி' என்று நீக்கியது. ஒன்றுக்கொன்று நாற்பது மீட்டர் இடைவெளி. ஒருவர் ஒரே நேரத்தில் மூன்று இடங்களில் மிதிக்க முடியாது. போய்ப் பார்த்தேன். பனியில் நரித் தடம்கூட இல்லை.

நீக்கிய அளவுகளின் பட்டியலைத் திறந்தேன். ஐந்து வருடத்தில் 214. அவற்றில் 197, அக்டோபரிலும் நவம்பர் தொடக்கத்திலும் வந்தவை. இசக்கிராஜா பிப்ரவரியிலேயே போய்விட்டார்; அதன் பிறகும், இந்த அக்டோபரின் பன்னிரண்டு நாளில் மட்டும் 31.

மேல் மண் உறையத் தொடங்கும்போது, அதற்கும் ஆழத்தில் வருடம் முழுக்க உறைந்தே கிடக்கும் மண்ணுக்கும் நடுவிலுள்ள சேறு மேலும் கீழுமாக நெருக்கப்படுகிறது. கோடை முழுக்க அங்கே உண்டான மீத்தேன் கிடைத்த வழியில் வெளியேறுகிறது. கோடையில் உண்டதைப் போலப் பல மடங்கை இந்த நிலம் ஆறு வாரத்தில் விட்டிருக்கிறது. அந்த ஆறு வாரத்தைத்தான் நான் நீக்கியிருக்கிறேன்.

ஜனவரியில் தலைமையகத்துக்கு எழுதினேன்: 'கவனமற்ற நடை. அளவுகள் கெடுகின்றன.' அந்தப் பக்கமே போகவில்லை என்று இசக்கிராஜா மூன்று முறை சொன்னார். நான் எண்களைக் காட்டினேன். அவருக்கு ஆய்வு வேலை போயிற்று. முகாமில் வேலை கிடைத்தது.

முகாம் இருக்கும் சமவெளி, இந்த அளவுகளை வைத்து நான் வரைந்து கொடுத்த வரைபடத்தில் பச்சை. பச்சை என்றால் அடியில் வாயு இல்லை, குடில்களை மரக்கால் இல்லாமல் நேரே தரையில் வைக்கலாம். ஆறு குடில்களையும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். உள்ளே ஹீட்டர்கள். சுற்றிலும் நிலம் உறையும்போது உறையாமல் இருக்கும் ஒரே இடம் அவற்றின் அடி மண். வாயு அங்கேதான் போகும்.

மாலை 4:00

அழைப்பில் நலம் விசாரித்தேன். வேறு எதுவும் சொல்லவில்லை. முதலில் எண்களைச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டேன்.

அக்டோபர் 13. காலை 11:00

எண்கள் சரி. காலை ஏழு மணிக்கே தெரிந்துவிட்டது.

தலைமையகத்துக்கான கடிதத்தின் ஐந்தாவது வரைவு இது. முதல் வரைவில் 'என் தவறு' என்று இருந்தது. ஐந்தாவதில் 'அளவீட்டு முறையின் வரம்பு' என்று இருக்கிறது.

மாலை 4:00

"அக்கா, இங்க ஒரு சங்கதி. அருளப்பன் அடுப்பப் பத்த வச்சாரு, தரையில இருந்து குப்புன்னு எரிஞ்சிட்டு. ரெண்டு கையும் வெந்துட்டு. கட்டுப் போட்டிருக்கோம்."

"சிலிண்டர் ட்யூபப் பாத்தியா?"

"புது ட்யூபு. ஒரு வாடையும் இல்ல."

"எதுக்கும் மாத்திரு. ஜன்னலக் கொஞ்சம் திறந்து வை."

"சரிக்கா. நீங்க சொன்னா சரிதான்."

வாடை சிலிண்டர் வாயுவில் சேர்க்கப்படுவது. இந்த மண்ணிலிருந்து வரும் மீத்தேனுக்கு வாடை கிடையாது. இது எனக்குத் தெரியும். தெரிந்தே ட்யூபைப் பற்றிப் பேசினேன்.

கடிதத்தை அனுப்பவில்லை.

அக்டோபர் 14. காலை 9:40

அழைப்பு நேரத்துக்குக் காத்திருக்காமல் நானே கூப்பிட்டேன்.

"இசக்கி, ஒண்ணு சொல்லணும். குறுக்க பேசாத. அது உன் கால் இல்ல. ஒருநாளும் இல்ல. அந்த அளவெல்லாம் நெசம். நிலம் வாயு விடுது. உங்க குடிலுக்கு அடியில சேருது. நேத்து எரிஞ்சது சிலிண்டர் இல்ல."



"மேப்புல பச்சையால்லா போட்டிருந்தீய."

"தப்பாப் போட்டுட்டேன்."

"எப்பம் தெரியும்?"

"எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போ. வண்டிய ஸ்டார்ட் பண்ணாத. எந்த சுவிட்சையும் தொடாத. நடந்து இங்க வந்துருங்க."

"எப்பம் தெரியும்னு கேட்டேன்."

"இப்பதான்."

"ஹீட்டர் தானா நின்னு தானா எரியும். அத என்ன செய்ய?"

"தொடாத. அப்படியே விட்டுட்டுக் கிளம்பு."

"சரி. அருளப்பனப் பலகையில வச்சு இழுத்துட்டு வாரோம். இந்த ரேடியோவையும் அணைக்கல. அப்படியே கெடக்கட்டும்."

'இப்பதான்' என்று நான் சொன்னது பொய்.

காலை 10:52

தெற்கே ஒரு சத்தம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. புகை நேராக எழுகிறது. அவர்கள் கிளம்பியிருந்தால் ஒரு மணி நேரம் நடந்திருப்பார்கள். கிளம்பினார்களா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. ரேடியோவில் இரைச்சல் மட்டும்.

காலை 11:25

ஆறாம் பெட்டியிலிருந்து சமிக்ஞை நின்றுவிட்டது. ஏழாம் பெட்டியும் நின்றுவிட்டது. தொலைநோக்கியில் பார்த்தேன். அவை இருந்த இடத்தில் பனி கறுப்பாக உள்வாங்கியிருக்கிறது. சேறு திறந்திருக்கிறது.

முகாமிலிருந்து இங்கே வரும் நேர்வழி அதன் மேல்தான் போகிறது. சரளை மேட்டைச் சுற்றி வந்தால் நான்கு கிலோமீட்டர் கூடுதல். காயப்பட்டவரை இழுத்து வருபவர்கள் நேர்வழியில்தான் வருவார்கள். என் வரைபடத்தில் அதுவும் பச்சை. அதைச் சொல்ல மறந்துவிட்டேன். சொல்ல இப்போது அவர்களிடம் ரேடியோ இல்லை.

கொடிக் கம்பங்களையும் சிவப்பு விளக்கையும் எடுத்துக்கொண்டு, ஐந்தாம் பெட்டிக்கு அப்பால் போய் அவர்களைத் திருப்பிவிடப் போகிறேன்.

இதைக் கண்டெடுப்பவருக்கு: 12, 13ஆம் தேதிப் பதிவுகளில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. மாற்றலாம் என்று ஒரு தடவை நினைத்தேன்.

அக்டோபர் 14. மாலை 3:10

எழுதுவது இசக்கிராஜா, கேபிள் முகாம் மேற்பார்வையாளர்.

பத்தொன்பது பேரும் நிலையத்துக்கு வந்து சேர்ந்தோம். முகாம் வெடித்தபோது இரண்டரை கிலோமீட்டர் தள்ளி இருந்தோம். குடில் ஒன்றும் மிஞ்சவில்லை. அருளப்பனுக்குக் காய்ச்சல் இருக்கிறது. மருந்துப் பெட்டி கிடைத்தது.

சரளை மேட்டைச் சுற்றி வந்தோம். நேர்வழி மேப்பில் பச்சையாக இருந்தது. அதனால் அந்த வழியில் வரவில்லை.

அக்கா இங்கே இல்லை. இந்தப் பதிவு மேஜையில் திறந்து கிடந்தது.

மாலை 3:25

படித்தேன். பன்னிரண்டாம் தேதியே தெரிந்திருக்கிறது. பதின்மூன்றாம் தேதி அருளப்பனின் கைகள் வெந்தன. ட்யூபை நான்தான் மாற்றினேன்.

தெற்கு ஜன்னலிலிருந்து சமவெளி தெரிகிறது. ஐந்தாம் பெட்டிப் பக்கம், தரையோடு தரையாக, ஒரு சிவப்பு விளக்கு. இடமும் வலமுமாக அசைகிறது.

மாலை 4:10

கயிறு, இரண்டு பலகைகள், மூன்று பேர். இப்போதுதான் கிளம்புகிறோம்.

அங்கே நடந்து போக இருபது நிமிடம் ஆகும். 3:25க்கும் 4:10க்கும் நடுவில் நாற்பத்தைந்து நிமிடம். விளக்கைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து டீ குடித்தேன். இரண்டு கிளாஸ்.

விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. நான்கு மணிக்குத் திரும்பிப் பார்த்தபோது அசையவில்லை.