விலை இறங்கும்வரை அரைக் குளிசை

சேர்,

போன சனிக்கிழமை உங்கள் மனைவி உங்களுடைய கண்ணாடிக்கூட்டை என் கையில் தந்தார். "அவர்ட கண்ணாடி உங்களுக்கும் அளவுதானே. நீங்களே வெச்சிக்கங்க சேர்" என்றார். வங்கியில் படிவம் நிரப்பும்போது ஒரே கண்ணாடியை நாங்கள் மாறி மாறிப் போட்டுக்கொள்வது அவருக்கும் தெரிந்திருக்கிறது. திறந்து பார்த்தேன். கண்ணாடிக்கு அடியில் ஒரு சின்னத் தாள் மடிப்பு. அதற்குள் பிரஷருக்கு நீங்கள் விழுங்கும் குளிசைகள், எல்லாமே பாதியாக வெட்டியவை. ஏழு பாதிகள் இருந்தன. குசினியில் வெங்காயம் நறுக்கும் கத்தியால் வெட்டியிருக்கிறீர்கள் போல. ஓரங்கள் மாவாக உதிர்ந்து மடிப்பில் படிந்திருந்தன.

திரும்பி வரும் பஸ்ஸில் வானொலியில் பாட்டை நிறுத்திவிட்டுச் செய்தி சொன்னார்கள். பணவீக்கம் மறுபடியும் குறைந்திருக்கிறதாம். ஒரு பெண் தெளிவான குரலில் வாசித்தார். கிண்ணியாவிலிருந்து நகருக்கு மரக்கறிப் பையோடு வந்துகொண்டிருந்தவர்களில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் மட்டும் நிமிர்ந்தேன். கூடு என் சட்டைப்பைக்குள் இருந்தது.

பதினெட்டு வருடம் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தோம். நான் வணிகமும் பொருளியலும், நீங்கள் உடற்கல்வி. பிள்ளைகளுக்கு நீங்கள் பி.ரி. சேர். எனக்கும் அப்படித்தான். ஓய்வு பெற்ற பிறகாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம், வாய் வரவில்லை. "ரெண்டு சேரும் கூடினா அது பிள்ளைகள் இல்லாத பள்ளிக்கூடம்" என்று உங்கள் மனைவி கேலி செய்வார்.

பென்சன் வரும் நாளில் நீங்கள் கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து நான் இருக்கும் நகருக்கு வருவீர்கள். வங்கி வேலை முடிந்ததும் மீன் சந்தைக்குப் போய் இரண்டு பேருமாக ஒரு மீன் வாங்குவோம். ஒன்றே ஒன்று, நடுவால் வெட்டச் சொல்லி. இந்த மாதம் உங்களுக்குத் தலைப்பாதி என்றால் அடுத்த மாதம் எனக்கு. பென்சன்காரர் ஒருவர் தனியாக ஒரு முழு அறக்குளா வாங்க ஏலாது. ஆனால் பாதி அறக்குளா சாப்பிடுகிறவன் அறக்குளா சாப்பிடுகிறவன்தான் என்பது உங்கள் கட்சி. மாதத்தில் ஒரு நாளாவது நல்ல மீனோடு வீட்டுக்குப் போக அது நாங்கள் கண்டுபிடித்த வழி.

காஸுக்கும் எண்ணெய்க்கும் வரிசையில் நின்ற தட்டுப்பாட்டு வருடத்தில் அந்த மீன் இறங்கத் தொடங்கியது. அறக்குளாவிலிருந்து பாரைக்கு வந்தோம். பாரையிலிருந்து சூரைக்கு. பிறகு ஒரு நாள் விரல் நீளச் சாளைக்கு முன்னால் போய் நின்றோம். "இதையும் நடுவால வெட்டித் தரட்டோ சேர்?" என்று மீன்காரர் கத்தியை ஓங்கிக் காட்டினார். பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். "வெட்டு, தலை இந்த முறை எனக்குத்தான்" என்றீர்கள் முகம் கோணாமல். அரைக் கிலோ வாங்கி, ஆளுக்குப் பாதியாக எண்ணிப் பிரித்தோம். ஒற்றையாக மிஞ்சிய சாளையை யார் எடுப்பது என்று சந்தை வாசலில் நின்று வாதாடி, கடைசியில் நீங்கள் அதைப் பூனைக்குப் போட்டீர்கள்.

அதற்குப் பிறகு வரிசைகள் குறைந்தன. காஸ் வந்தது, எண்ணெய் வந்தது. அப்படி ஒரு பென்சன் நாளில்தான் விலையைப் பற்றிய அந்தப் பேச்சு வந்தது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடை. வெளியே மரத்தடியில் இரண்டு மான்கள் வாழைப்பழத் தோல் தின்றுகொண்டு நின்றன. கடை வானொலியில் பணவீக்கம் பெருமளவு குறைந்துவிட்டது என்று சொன்னார்கள். நீங்கள் கோப்பையைக் கீழே வைத்தீர்கள்.

"அப்ப சாமான் விலை இறங்குமா சேர்?"

முப்பது வருடம் வகுப்பில் நான் பதில் சொன்ன கேள்வி அது. அதற்கென்று ஓர் உதாரணமும் வைத்திருந்தேன். நம் நகரத்துக் கோணேசர் மலைக்கு ஒருவன் ஏறுகிறான். முதலில் ஓடி ஏறினான், இப்போது நடந்து ஏறுகிறான். வேகம் குறைந்துவிட்டது, சரி. அதற்காக அவன் இறங்குகிறான் என்று சொல்ல முடியுமா? இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறான். பணவீக்கம் என்பது அவன் வேகம். விலை என்பது அவன் நிற்கிற உயரம். பரீட்சையில் பிள்ளைகள் இதை அப்படியே எழுதிவிடுவார்கள். உங்களுக்கும் சொன்னேன்.

நீங்கள் கொஞ்ச நேரம் யோசித்தீர்கள். பிறகு சிரித்தீர்கள். "என்ன சேர் இது, ஏறினவன் இறங்கத்தானே வேணும். மலையில வூடு கட்டவா போறான்?"

கடைக்காரர் சிரித்தார். அடுத்த மேசைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லை சேர், அவன் அங்கேயே வீடு கட்டிவிட்டான், நாங்கள்தான் இனி அந்த உயரத்துக்குச் சம்பாதிக்க வேண்டும், எங்கள் பென்சனோ அடிவாரத்தில் நிற்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு மாணவன் அப்படிப் பிழையாக விளங்கிக்கொண்டிருந்தால் மணி அடித்த பிறகும் நிறுத்திவைத்து விளங்கப்படுத்தியிருப்பேன். உங்களை அப்படியே விட்டேன். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நீங்கள் வாய்விட்டுச் சிரித்த நாள் அது. அதைக் கெடுக்க மனம் வரவில்லை. போதாக்குறைக்கு, "பொறுங்கோ சேர், மெல்ல மெல்லச் சரிவரும்" என்றும் சொன்னேன்.

அந்த வாரமே பெற்றோல் கொஞ்சம் இறங்கியது. முட்டையும் இறங்கியது. "பாத்தீங்களா, இறங்கத் தொடங்கிட்டான்" என்று தொலைபேசி எடுத்துச் சொன்னீர்கள். ஆனால் நாங்கள் குடித்த பால் விடாத பிளேன்ரீயின் விலை ஏறிய இடத்திலேயே நின்றது. பேக்கரிப் பாணும் அப்படித்தான். அடுத்த பென்சன் நாளில் நீங்கள் மீன்காரரிடம் போய், "வானொலியில குறைஞ்சிட்டெண்டு சொல்றான், நீ மட்டும் ஏன் குறைக்காம இரிக்கிறாய்?" என்று கேட்டீர்கள். "அந்த வானொலிக்காரனையே நிலாவெளியில வந்து வலை இழுக்கச் சொல்லுங்கோ சேர். எனக்கும் ஒரு நாள் லீவு கிடைக்கும்" என்றார் அவர். அன்றும் சாளைதான்.

ஒவ்வொரு மாதமும் கேட்டீர்கள். "எங்க வரைக்கும் இறங்கிட்டான் சேர்?" ஒவ்வொரு மாதமும் ஏதோ ஒன்றைச் சொல்லி மழுப்பினேன். அது நமக்குள் ஒரு பகிடியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் உண்மையிலேயே காத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது.

இப்போது யோசித்தால் அடையாளங்கள் இருந்தன. விளையாட்டுப் போட்டி நாளில் காலையிலிருந்து மாலைவரை மைதானத்தில் நின்ற மனிதர், வங்கி வரிசையில் உட்காரக் கதிரை தேடினீர்கள். பிடரி வலிக்குது என்றீர்கள். வெயில் என்று நினைத்தேன். "குளிசை ஒழுங்காப் போடுறீங்களோ?" என்று ஒருமுறை கேட்டேன். "ஓம் சேர், ஒரு நாளும் தவறாது" என்றீர்கள். அது பொய்யும் இல்லை. ஒரு நாளும் தவறாமல் பாதி போட்டிருக்கிறீர்கள்.

ஒரு விடியற்காலையில் தொழுகைக்கு முகம் கழுவப் போனவர் கிணற்றடியில் விழுந்தீர்கள். நான் வந்து சேர்ந்தபோது உங்களை வெள்ளைத் துணியில் பொதிந்திருந்தார்கள். நம்மிடம் படித்தவர்கள்தான் உங்களைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கினார்கள். ஒருவரும் சொல்லாமலே கால் மாற்றாமல் ஒரே நடையாக நடந்தார்கள். நீங்கள் பழக்கிய நடை.

உங்கள் மனைவி வெளி ஆண்களைக் காணாமல் இருக்கும் இத்தாக் காலம் முடியும்வரை உங்கள் வீட்டுப் பக்கம் நான் போகவில்லை. அது முடிந்து இன்னும் சில நாள் விட்டு, போன சனிக்கிழமைதான் போனேன். கூட்டைத் திறந்து நான் பாதிகளை எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்து உங்கள் மனைவிதான் சொன்னார்.

"கிளினிக்கில அந்தக் குளிசை இல்ல, வெளியில வாங்கச் சொல்லித் துண்டு தந்தாங்க சேர். ஒரு அட்டை விலையக் கேட்டு மலைச்சிப் போயிட்டாரு. விலை இறங்கினதும் முழுசாப் போடுறன், இன்னும் கொஞ்ச நாள்தான், சேரும் சொல்றாரு எண்டாரு."

குறையாகச் சொல்லவில்லை. சொல்லிக்கொண்டே எனக்கு முன்னால் தேநீரை வைத்தார். பிறகும் ஒன்று சொன்னார். "உங்களில அவருக்குச் சரியான நம்பிக்கை சேர்."

நகரில் எனக்குத் தெரிந்த மருந்தாளர் ஒருவர் இருக்கிறார், நம் பழைய மாணவர். பெயர் சொல்லாமல் அவரிடம் கேட்டேன். முழுக் குளிசை போட்டிருந்தால் அந்த மனிதர் இருந்திருப்பாரா என்று. "சொல்ல ஏலாது சேர். இருந்தும் இருக்கலாம், போட்டாலும் நடந்திருக்கலாம்" என்றார். இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிட்டது போல இருந்தது எனக்கு. குற்றம் என்னுடையது என்று அழவும் முடியவில்லை, இல்லை என்று தேறவும் முடியவில்லை.

அந்தச் சனிக்கிழமை நான் எழும்பும்போது உங்கள் மனைவி இன்னொன்று கேட்டார். அவருக்கு இரத்தத்தில் சீனி கூடும் வருத்தம் என்று உங்களுக்குத் தெரியும். அவருடைய குளிசையும் இப்போது வெளியில்தான் வாங்க வேண்டியிருக்கிறதாம். "இனியாவது இறங்குமா சேர்?"

உதாரணம் ஒன்றும் சொல்லவில்லை. "இறங்காது தங்கச்சி. இனி மெதுவா ஏறும், அவ்வளவுதான்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். சுவரில் சாத்திவைத்திருந்த உங்கள் சைக்கிளைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப அவர்ட சைக்கிள வித்துத் தாங்க" என்றார்.

திங்கட்கிழமை திரும்பவும் போய் எடுத்துவந்தேன். ஆசனம் உங்கள் உயரத்துக்கு இருந்ததால் எனக்குக் கால் எட்டவில்லை. பாலத்தின் நீளத்துக்கும் தள்ளிக்கொண்டு வந்தேன். சைக்கிள் கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டு, புதுச் சைக்கிள் என்ன விலைக்குப் போகிறது என்று தெரியாதா என்றேன். "அது புதுசு ஐயா. பழசின்ர விலையை ஆர் ஏத்தினது?" என்றார். இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கினேன். கடைசியில் முதல் கடைக்காரரிடமே கொடுத்தேன். அந்தக் காசுக்கு உங்கள் மனைவியின் குளிசை இரண்டு மாதத்துக்குக் கிடைத்தது. மூன்றாம் மாதத்துக்கு என் பென்சனில் கொஞ்சம் ஒதுக்கலாம். அதற்கு அப்பால் எனக்குத் தெரியவில்லை, சேர்.

நேற்று அட்டைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி அலுமாரிக்குள் வைத்தார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "தங்கச்சி, பாதியாக்கக் கூடாது. முழுசாப் போடுங்கோ. குளிசை முடிஞ்சா எனக்குச் சொல்லுங்கோ" என்றேன்.

"ஓம் சேர்" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. குசினிப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

முப்பது வருடம் வகுப்பு எடுத்தவன் நான். விளங்கியதா என்று கேட்டால் வருகிற 'ஓம்'களில் எது மெய், எது வாத்தியார் மனம் நோகக் கூடாது என்பதற்காகச் சொன்னது என்று முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. நேற்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த 'ஓமை' மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். இன்று விடிந்தும் அது என்னோடுதான் இருக்கிறது. இரண்டில் எது என்று எனக்குப் பிடிபடவில்லை.